ஐப்பசி அமாவாசையும் மார்ச் 31-ம்: வணிகரின் ஆண்டிறுதிக் கணக்கு வரலாறு

நம் சங்க மலரில் இலக்கியக் கட்டுரைகளுக்கு என்றும் குறைவு இருந்ததில்லை. சிலம்பும் குறளும் பேச இங்கே அறிஞர் பெருமக்கள் பலர் உண்டு. அடியேன் ஜவுளி வியாபாரி. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில் பிறந்து, வாலிப வயதில் பம்பாய்க்கு வந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் துணிக்கும் கல்லாப் பெட்டிக்கும் நடுவில் காலம் கழிப்பவன். ராத்திரி கடை கட்டிய பிறகு கையில் கிடைத்ததைப் படிப்பேன். அப்படிப் படித்ததையும் கடையில் பார்த்ததையும் சேர்த்து, யாரும் அதிகம் எழுதாத ஒரு பொருளைப் பற்றி இங்கே எழுதத் துணிந்தேன். ஒரு வியாபாரி வருஷக் கடைசியில் கணக்கை எப்படிச் சரிக்கட்டி முடிக்கிறான், அந்த வழக்கம் இந்த நாட்டில் எப்படி எப்படி மாறி வந்திருக்கிறது என்பதே அப்பொருள். இது வரவு செலவு சமாச்சாரம்தானே என்று புரட்டிவிட வேண்டாம். அறமும் இதற்குள் இருக்கிறது.

1. ஆண்டு எந்த நாளில் முடிகிறது?

வெளி மாநிலத்தில் கடை போட்ட நம்மவர்களுக்கு முதலில் வரும் குழப்பம் இதுதான். ஊரில் பங்குனிக் கடைசியில் கணக்கு முடித்து, சித்திரை முதல் நாளில் மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு எழுதுவோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் கொண்டுவிற்ற இடங்களிலும் இந்தத் தமிழ் வருஷக் கணக்கே நெடுங்காலம் நடந்தது. கல்கத்தாவுக்குப் போனால் அங்கே வங்காளி வருஷப் பிறப்பான வைசாக முதல் நாளில் ‘ஹால்காத்தா’. வாடிக்கைக்காரரைக் கூப்பிட்டு, இனிப்புக் கொடுத்து, பழைய பாக்கியை வாங்கி, புதுப் புத்தகம் திறப்பார்கள். பம்பாயில் மூல்ஜி ஜேட்டா மார்க்கெட், காலபாதேவி வட்டாரம் முழுவதும் குஜராத்தி, மார்வாடி வணிகர்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு தீபாவளிதான் வருஷ முடிவு. அன்று ‘சோப்டா பூஜை’. மறுநாள் கார்த்திகை சுக்ல பிரதமையில் குஜராத்தி விக்கிரம வருஷம் பிறக்கிறது.

எங்கள் சமணருக்கு இந்த நாள் இன்னொரு காரணத்தாலும் முக்கியம். வர்த்தமான மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு அடைந்தது ஐப்பசி அமாவாசையின் விடியற்காலம் என்பது மரபு. மரபுக் கணக்குப்படி அது கி.மு. 527. வீர நிர்வாண ஆண்டு அதிலிருந்தே எண்ணப்படுகிறது. குஜராத்திச் சமண வணிகர் புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கௌதம சுவாமியின் லப்தி வேண்டும், சாலிபத்திரனின் செல்வம் வேண்டும் என்றெல்லாம் எழுதுவார்கள். கௌதமர் கேவல ஞானம் பெற்றதும் அந்த நாளில்தான் என்பது சமண நம்பிக்கை. ஒரு துறவியின் பெயரையும் ஒரு செல்வனின் பெயரையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் ரொக்கக் கணக்கைத் தொடங்குகிறார்கள் என்பது நோக்கத்தக்கது.

அரசர்களின் கணக்கு ஆண்டு வேறு. கௌடலீயரின் அர்த்தசாஸ்திரம் இரண்டாம் அதிகரணத்தில் கணக்கு அலுவலகத்தைப் பற்றிப் பேசுகிறது. வேலைக்கான ஆண்டு 354 நாள் என்றும், அது ஆடி மாதப் பௌர்ணமியோடு முடிகிறது என்றும் அங்கே விதி உண்டு. வேலை முழு ஆண்டுக்கு நடக்காமல் இருந்தால் நடந்த அளவுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இன்று ‘இந்த வருஷத்துக்கு எவ்வளவு சேரும், எவ்வளவு சேராது’ என்று நாம் பிரிக்கிறோமே, அந்த எண்ணத்தின் வித்து அங்கேயே கிடைக்கிறது. மொகலாயர் காலத்தில் விளைச்சலை ஒட்டிய பசலி வருஷம் வந்தது. நம் தமிழ்நாட்டு வருவாய்த் துறையில் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை பசலி இன்றும் உண்டு. வருஷா வருஷம் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி அந்தக் கணக்கு முடிக்கிற சடங்குதான்.

ஆங்கில அரசு தன் கணக்கை முதலில் மே 1 முதல் ஏப்ரல் 30 வரை வைத்திருந்தது. 1867-ல்தான் பிரிட்டனின் வழக்கத்தை ஒட்டி ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 என்று மாற்றிக் கொண்டது. சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26-ல் நம் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் கொடுத்தார். அது 1947 ஆகஸ்ட் 15 முதல் 1948 மார்ச் 31 வரை, ஏழரை மாதத்துக்கு மட்டும். நாடு பிறந்த நாளில் தொடங்கினாலும் முடிவு மார்ச் 31-ல்தான். 1984-ல் அமைக்கப்பட்ட எல்.கே. ஜா குழு ஜனவரி முதல் டிசம்பர் என்று மாற்றலாம் என்று பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை.

2. சிவப்புத் துணிக் கணக்கு

வடநாட்டு வியாபாரியின் புத்தகம் ‘வஹி’. நீளமான தாள்கள், சிவப்புத் துணி அட்டை, வெள்ளை நூல் தையல். பக்கத்தில் கோடு போட மாட்டார்கள். தாளை மடித்து மடித்து மடிப்புத் தடத்தையே கோடாக வைத்துக் கொள்வார்கள். இடது பக்கம் ‘ஜமா’ என்ற வரவு, வலது பக்கம் ‘நாவே’ என்ற பற்று. இங்கிலீஷ் முறையில் பற்று இடது பக்கம் வரும். இங்கே நேர் எதிர். ரொக்க வஹி, நகல் வஹி, காத்தா வஹி என்று வகைகள் உண்டு. நம் பாஷையில் சொன்னால் சிட்டை, குறிப்பேடு, பேரேடு. பேரேட்டிலிருந்து எடுத்துக் கடைசியில் எழுதும் நிலைக்குறிப்பை நம் முன்னோர் ‘ஐந்தொகை’ என்றார்கள்.

தைத்த புத்தகத்தில் ஒரு நன்மை: நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் எதிர்த் தாளும் கழன்றுவிடும். திருடன் தப்ப முடியாது. 2019 ஜூலை 5-ல் மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தோல்பெட்டிக்குப் பதிலாகச் சிவப்புத் துணியில் சுற்றிய வரவு செலவுக் கட்டோடு நாடாளுமன்றத்துக்குப் போனபோது, காலபாதேவியில் இருந்த கிழட்டு மேத்தாஜிகள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் நெஞ்சில் கிடந்த புத்தகம் அது.

தமிழ் வணிகரின் பழைய கணக்கோலைகள் நமக்குக் கிடைக்காமல் போயின. அழகர்மலைக் குகையில் சமணத் துறவியருக்குக் கொடை கொடுத்தவர் வரிசையில் உப்பு வணிகன், கொழு வணிகன் என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் இருக்கிறது. கல்லில் வெட்டியது நின்றது. ஓலையில் எழுதிய வரவு செலவு கரையானுக்குப் போயிற்று.

ஆனால் வடக்கே ஒரு சமண வணிகர் தன் கதையையே எழுதி வைத்திருக்கிறார். பனாரசிதாசர் 1586-ல் ஜௌன்பூரில் பிறந்தவர். 1641-ல், தம் ஐம்பத்தைந்தாம் வயதில், ‘அர்த்தகதானகம்’ என்ற தன்வரலாற்றை எழுதினார். மனித ஆயுள் நூற்றுப் பத்து என்று வைத்து இது பாதிக் கதை என்று பெயர். நம் பொன்னூர் மலையோடு நினைக்கப்படும் குந்தகுந்தரின் சமயசாரத்தைப் படித்து மனம் மாறியவர் இவர். அந்த நூலில் ஆக்ராவின் பெரிய செல்வர் ஒருவரோடு கூட்டு வியாபாரக் கணக்கைத் தீர்க்க இவர் காத்துக் கிடந்த பாடு வருகிறது. அந்த வீட்டில் எந்நேரமும் பாட்டும் கூத்தும். கணக்குப் புத்தகத்தைத் திறக்க நேரமில்லை. கடைசியில் வேறொருவர் நடுவில் வந்துதான் தீர்ந்தது. கணக்கை முடிக்க ஒரு குறித்த நாள் இல்லாவிட்டால் சின்னப் பங்காளிதான் தவிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

3. கப்பல் கணக்கும் கடைக் கணக்கும்

இரட்டைப் பதிவு முறையை அச்சுப் புத்தகத்தில் முதலில் விளக்கியவர் லூக்கா பச்சியோலி என்ற இத்தாலியத் துறவி. 1494-ல் வெனிஸ் நகரில் அவர் நூல் வெளியாயிற்று. வாஸ்கோட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்குவதற்கு நான்கு வருஷம் முன்னால். அக்காலத்து வெனிஸ் வணிகர் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தனிக் கணக்கு வைத்தார்கள். மிளகு வந்ததா, மிளகுக் கணக்கு. அது முழுவதும் விற்றுத் தீர்ந்ததும் லாபமோ நஷ்டமோ எடுத்து அந்தக் கணக்கை மூடிவிடலாம். இந்த முறையில் சரிக்கட்டும் வேலை அதிகம் இல்லை. கப்பல் திரும்பியது, கணக்கு முடிந்தது.

நகரத்தார் கொண்டுவிற்ற முறையிலும் இதன் சாயல் உண்டு. பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போகும் ஏஜண்டு மூன்று வருஷக் கெடுவுக்குப் போவார். கெடு முடிந்து திரும்பும்போது அவர் காலத்துக் கணக்கு தீரும்.

ஆனால் கடைக்குக் கெடு கிடையாது. இன்று வாங்கிய துணி அடுத்த வருஷம் விற்கும். போன வருஷம் விற்றதற்கு இந்த வருஷம் பணம் வரும். வாடகை பின்னால் போகும். இன்ஷூரன்ஸ் முன்னால் போகும். ஓடுகிற ஆற்றில் ஒரு நாளைக் குறித்து, ‘இதுவரை வந்த தண்ணீர் எவ்வளவு?’ என்று கேட்பது போன்றது ஆண்டுக் கணக்கு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சரிக்கட்டுப் பதிவுகள் தோன்றின.

4. சரிக்கட்டுப் பதிவுகள்: ஒரு சின்ன ஜவுளிக் கடை

நம் பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் இதைப் படிக்கிறார்கள். ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் ஒரு கற்பனைக் கடையை எடுத்துக் கொள்கிறேன்.

ஏப்ரல் 1-ல் தொடக்கச் சரக்கிருப்பு ரூ. 3,00,000. வருஷத்தில் கொள்முதல் ரூ. 20,00,000. லாரி வாடகை, கூலி என்ற உள்தூக்குச் செலவு ரூ. 50,000. விற்பனை ரூ. 24,00,000. மார்ச் 31 ராத்திரி எண்ணிப் பார்த்ததில், அடக்க விலையில் இறுதிச் சரக்கிருப்பு ரூ. 4,50,000. அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் 3,00,000 + 20,00,000 + 50,000 − 4,50,000 = ரூ. 19,00,000. மொத்த லாபம் ரூ. 5,00,000. சிட்டைப்படி கொடுத்த கடைச் செலவு ரூ. 2,60,000. மீதி ரூ. 2,40,000. ‘அடேயப்பா, நல்ல வருஷம்’ என்று முதலாளி வெற்றிலை போடுவார். பொறுங்கள், இன்னும் ஆறு விஷயம் இருக்கு.

முதலாவது, மார்ச் மாத வாடகை ரூ. 15,000 இன்னும் கொடுக்கவில்லை. கடையை அனுபவித்தாச்சு, பணம் போகலை, அவ்வளவுதான். வாடகைக் கணக்கில் பற்று, ‘கொடுபட வேண்டிய வாடகை’ என்று வரவு எழுத வேண்டும்.

இரண்டாவது, சிப்பந்திகளின் மார்ச் சம்பளம் ரூ. 30,000 ஏப்ரல் முதல் வாரத்தில்தான் கொடுப்போம். ஆனால் உழைப்பு மார்ச்சில் நடந்தது. அதுவும் இந்த வருஷச் செலவுதான்.

மூன்றாவது, தீ இன்ஷூரன்ஸ் ரூ. 24,000 அக்டோபர் 1-ல் ஒரு வருஷத்துக்குக் கட்டினோம். மார்ச் 31 வரை ஆறு மாதம்தான் கழிந்தது. மிச்ச ஆறு மாதத்துக்கான ரூ. 12,000 அடுத்த வருஷத்துச் சொத்து. அதைச் செலவிலிருந்து எடுத்து ‘முன்கூட்டிச் செலுத்திய செலவு’ என்று தனியே வைக்க வேண்டும்.

நான்காவது, அலமாரி, மேசை, காற்றாடி எல்லாம் ரூ. 1,00,000. நூற்றுக்குப் பத்து வீதம் தேய்மானம் ரூ. 10,000.

ஐந்தாவது, நாக்பூர் பார்ட்டி ஒருவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். அவர் பேரில் பாக்கி ரூ. 40,000. இது வாராக்கடன்.

ஆறாவது, மூன்று வருஷமாகத் தூங்கும் பழைய டிசைன் சேலைகள். அடக்கம் ரூ. 60,000. இன்று மார்க்கெட்டில் ரூ. 35,000-க்கு மேல் யாரும் எடுக்க மாட்டார்கள். இருப்பில் ரூ. 25,000 குறைக்க வேண்டும்.

கூட்டிக் கழித்தால் குறைய வேண்டியது ரூ. 1,20,000, கூட வேண்டியது ரூ. 12,000. ஆக ரூ. 2,40,000 என்று தெரிந்த லாபம் ரூ. 1,32,000 ஆகிவிட்டது. இந்த ஆறு பதிவில் ஒன்றிலாவது அன்றைக்கு ஒரு பைசா கை மாறவில்லை. ரொக்கப் பெட்டி அப்படியே இருக்கு. ஆனாலும் கிட்டத்தட்டப் பாதி லாபம் கரைந்து போயிற்று. மற்றப் பதிவுகளுக்கு ரசீது இருக்கும், சாட்சி இருக்கும். இவற்றுக்கு வியாபாரியின் மனசாட்சிதான் பெரிய சாட்சி.

இருப்புப் பதிவேட்டை அன்றாடம் எழுதும் கடையாக இருந்தாலும் எண்ணாமல் விடக்கூடாது. ஏட்டில் 412 பீஸ் என்று இருக்கும், அலமாரியில் 405 தான் இருக்கும். அந்த ஏழும் களவு போனதோ, அளந்து கொடுத்ததில் போனதோ, எலி கடித்ததோ. ஏழின் அடக்கத்தையும் விற்ற சரக்கின் அடக்கத்தில் சேர்த்து, இருப்பில் குறைத்து எழுதினால்தான் ஏடும் அலமாரியும் ஒன்றாகும்.

5. சரக்கிருப்பும் பதஞ்சலி சாஸ்திரியார் தீர்ப்பும்

அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் சரக்கிருப்பைப் போட வேண்டும் என்பது வணிகர் வழக்கம். இதற்குச் சட்ட உறுதி கொடுத்த தீர்ப்பு 1953-ல் வந்தது. கல்கத்தாவில் வியாபாரம் செய்த சைன்ரூப் சம்பத்ராம் என்ற கூட்டு நிறுவனத்தின் வழக்கு அது. பீகானேரில் இருந்த வெள்ளிக் கட்டிகளின் மதிப்பைப் பற்றியது. உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த நம் எம். பதஞ்சலி சாஸ்திரியார் அதில் ஒரு அடிப்படையைத் தெளிவாக்கினார். இறுதிச் சரக்கிருப்பு லாபத்தைப் பிறப்பிப்பதில்லை. வாங்கியபோது எழுதிய பற்றுக்கு எதிராக, விற்காமல் இருக்கும் அளவுக்கு வரவு எழுதி அதை ரத்துச் செய்வதே அதன் வேலை. விலை ஏறிவிட்டது என்பதற்காக விற்காத சரக்கில் லாபம் வந்ததாகக் கொள்ள முடியாது. விலை இறங்கினால் மட்டும் எச்சரிக்கைக்காக நஷ்டத்தை முன்னதாகவே ஏற்றுக்கொள்வது வணிகர் மரபு.

ஓடுகிற கடைக்கு இது சரி. கடை கலையும்போது? 1991-ல் ஏ.எல்.ஏ. நிறுவன வழக்கில், கூட்டு கலைந்து வியாபாரம் நின்றால் இருப்பைச் சந்தை விலையில்தான் மதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பங்காளி இறந்தும் வியாபாரம் தடையின்றித் தொடர்ந்தால் பழைய முறையே போதும் என்று 2001-ல் சக்தி டிரேடிங் வழக்கில் விளக்கியது. இவை வரிக்கான விதிகள். பங்காளிகளுக்குள் நியாயம் என்று ஒன்று தனியே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு கூட்டு வியாபாரம். பெயர் வேண்டாம். மூன்று பங்காளிகள், சம பங்கு. ஒருவர் திடீரென்று காலமானார். வரியைக் குறைக்க வேண்டி வருஷா வருஷம் சரக்கிருப்பைக் கீழே போட்டுப் பழகிய கடை அது. புத்தகத்தில் இருப்பு 6 லட்சம். அந்தக் கணக்கை வைத்தே அவர் மனைவிக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கப் பார்த்தார்கள். சாதிப் பெரியவர் ஒருவர், “அம்மா கையில் புத்தகத்தைக் கொடுக்காதீங்க, கிடங்கைத் திறந்து காட்டுங்க” என்றார். இரண்டு நாள் எண்ணினார்கள். சந்தை விலையில் 12 லட்சம் வந்தது. இரண்டு லட்ச ரூபாய் அந்த அம்மாளுக்குக் கூடுதலாகச் சேர வேண்டியது. சேர்ந்தது. இரண்டு பெண் குழந்தைகளின் படிப்பு அந்தப் பணத்தில் நடந்தது. மார்ச் 31-ன் ஒரு வரிப் பதிவு யாருடைய சோற்றில் போய் முடியும் என்பதை அன்று நான் கண்ணால் பார்த்தேன்.

6. பதினேழு மாத வருஷம்

1922-ம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் 1961-ம் ஆண்டுச் சட்டமும் வியாபாரி தன் கணக்கு ஆண்டைத் தானே வைத்துக்கொள்ள இடம் கொடுத்தன. தீபாவளிக்காரர் தீபாவளியில், பங்குனிக்காரர் பங்குனியில். 1987-ல் நிறைவேறிய நேர்முக வரிச் சட்டத் திருத்தம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1989–90 மதிப்பீட்டு ஆண்டு முதல் எல்லாரும் மார்ச் 31-ல் முடித்தாக வேண்டும்.

மாற்றத்துக்காக ஒரு தடவை மட்டும் நீண்ட வருஷம் அனுமதிக்கப்பட்டது. 1987 தீபாவளியில் முடித்தவருக்கு அடுத்த முடிவு 1989 மார்ச் 31. பதினேழு மாதமும் சில நாளும். ஊரில் 1987 பங்குனிக் கடைசியில் முடித்தவருக்கு இருபத்து மூன்றரை மாதம்! தேய்மானம் முதலானவற்றை அந்த நீளத்துக்கு ஏற்றபடி கூட்டிக் கணக்கிடச் சட்டத்தில் பத்தாவது அட்டவணை என்று ஒன்று சேர்க்கப்பட்டது.

1988 நவம்பர் தீபாவளி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கு. அப்போது நான் ஒரு குஜராத்தி சேட்டின் கடையில் வேலை பார்த்தேன். பூஜை நடந்தது, குங்குமம் வைத்தோம், மிட்டாய் கொடுத்தோம். பழைய கணக்கு மட்டும் முடியவில்லை. வயதான மேத்தாஜி புதுப் புத்தகத்தில் ‘ஸ்ரீ’ எழுதி மூடி வைத்துவிட்டு, மறுநாள் பழைய புத்தகத்திலேயே பதிவைத் தொடர்ந்தார். “அரசாங்கம் லட்சுமியைக் காத்திருக்கச் சொல்லுது” என்றார். அந்த மார்ச்சில் நாங்கள் எண்ணிய சரக்கு இரண்டு தீபாவளிச் சரக்கு.

இப்போதும் காலபாதேவியில் தீபாவளி பூஜை உண்டு. கணக்கு முடிவு மார்ச்சில். தெய்வத்துக்கு ஒரு வருஷம், சர்க்காருக்கு ஒரு வருஷம் என்று பழகிவிட்டோம். துணி மார்க்கெட்டில் தீபாவளிக்குப் பின்னால் கிடங்கு காலியாக இருக்கும், எண்ணுவது சுலபம். மார்ச்சிலோ கல்யாண சீசனுக்காகச் சரக்கு குவிந்திருக்கும். பழைய நாள் வெறும் பக்தியால் வந்ததல்ல என்பது எண்ணிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

அடுத்தடுத்துச் சட்டம் சரிக்கட்டுப் பதிவுக்குள்ளேயே புகுந்தது. 1984 முதல் விற்பனை வரி போன்றவற்றைக் ‘கொடுபட வேண்டியது’ என்று எழுதினால் மட்டும் கழிவு இல்லை, கட்டினால்தான். 1989-லிருந்து வாராக்கடனைக் கணக்கில் எழுதித் தள்ளினாலே போதும், வராது என்று நிரூபிக்க வேண்டாம் என்று ஆயிற்று. 2010-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 1997–98 மதிப்பீட்டு ஆண்டு முதல் ரொக்க முறை அல்லது வணிக முறை, இரண்டில் ஒன்றைத்தான் வைக்கலாம். கலந்து எழுதக் கூடாது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது வருஷ நடுவிலேயே, ஜூன் 30 ராத்திரி, நாடெங்கும் வியாபாரிகள் சரக்கு எண்ணினார்கள். 2023-ம் ஆண்டு நிதிச் சட்டம் குறு, சிறு தொழில் செய்வோருக்கான பாக்கியையும் கட்டினால்தான் கழிவு என்ற பட்டியலில் சேர்த்தது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் கட்டுகிற வருஷத்தில்தான் செலவு. பிவண்டியில் நாலு தறி வைத்திருப்பவனுக்கு இதனால் மார்ச் மாதம் பணம் கைக்கு வருமானால் நல்லதே. 2025-ல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற இரண்டு பெயரையும் விட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் ‘வரி ஆண்டு’ என்ற ஒரே பெயரை வைத்தது. முடிவு நாள் மட்டும் மாறவில்லை.

7. கூடலேகம்

சமண இல்லறத்தாருக்கு ஐந்து அணுவிரதம். அதில் வாய்மை விரதத்துக்கு வரும் குற்றங்களை உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயம் எண்ணுகிறது. அவற்றுள் ஒன்று ‘கூடலேகக் கிரியை’, அதாவது பொய் எழுத்து எழுதுவது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் இதைச் சொல்கிறது. நம் அருங்கலச்செப்பு அந்த இரத்தினகரண்டகத்தைத் தழுவித் தமிழில் எழுந்த நூல். பொய் பேசுவதிலிருந்து பொய் எழுதுவதைப் பிரித்துத் தனிக் குற்றமாக வைத்தவர்கள், வணிகரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டுதான் யோசித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று ‘நியாசாபகாரம்’. ஒருவன் உன்னிடம் பணம் வைத்தான். எவ்வளவு என்று மறந்து குறைத்துக் கேட்கிறான். நீ ‘சரி’ என்று கேட்டதை மட்டும் கொடுத்து மீதியை வைத்துக்கொள்கிறாய். பூச்சியபாதர் தம் உரையில் இப்படித்தான் விளக்குகிறார். இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. சும்மா இருந்தான், அவ்வளவே. அதுவே குற்றம் என்கிறது விரதம்.

வருஷக் கடைசியில் ஒவ்வொரு பேரேட்டிலும் இப்படி நாலு பாக்கி கிடக்கும். திருப்பூர் பார்ட்டிக்கு ரூ. 3,200 தர வேண்டும், அவர் கேட்கவில்லை. வேலையை விட்டுப் போன பையனுக்குப் பதினொரு நாள் சம்பளம். அவன் ஊர் போய்விட்டான். ‘யாரும் கேட்கலையே, லாபத்தில் எடுத்து எழுதிடலாம்’ என்று கணக்கர் சொல்வார். சட்டமும் அதற்கு வரி போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். என் கடையில் அப்படிப்பட்ட பாக்கிக்கு மார்ச் மாதம் ஒரு தபால் அட்டை போடுவது வழக்கம். இப்போது போனில் செய்தி. பாதிப் பேர் பதில் தருவதில்லை. தருகிறவர் பணம் வாங்கிக் கொள்கிறார்கள். அதில் சிலர் அடுத்த வருஷம் சரக்கும் அனுப்புகிறார்கள்.

8. நிறைவாக

1986-ல் பெங்களூரில் தொடங்கிய டாலி மென்பொருளும் அதன் பின் வந்தவையும் பேரேட்டையும் ஐந்தொகையையும் கண் மூடித் திறப்பதற்குள் போட்டுத் தருகின்றன. கம்பெனிகளின் மென்பொருளில் யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி நடைமுறைக்கு வந்தது. தைத்த வஹியில் தாளைக் கிழிக்க முடியாது என்றேனே, அந்த நூல் தையலைத்தான் சட்டம் இப்போது கணினிக்குள் போட்டிருக்கிறது.

ஆனால் மேல் அலமாரியில் கிடக்கும் சேலைக்கு முப்பத்தைந்தா, அறுபதா என்று கணினி சொல்லாது. நாக்பூர் பார்ட்டி தருவாரா மாட்டாரா என்று அதற்குத் தெரியாது. வேலையை விட்டுப் போன பையனின் பதினொரு நாளை நாம் எழுதினால்தான் அது காட்டும். கடை வைத்திருக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மார்ச் 31 ராத்திரி சரக்கு எண்ணும் வேலையை ஆளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு ஏணியும் ஒரு விளக்கும் எடுத்துக் கொண்டு நீங்களே ஏறுங்கள். கூடவே பிள்ளையை நிறுத்தி எழுதச் சொல்லுங்கள். பெண் பிள்ளையானால் இன்னும் நல்லது. ஒரு காலத்தில் கிடங்கைத் திறந்து காட்டச் சொல்லும் உரிமை அவளுக்கு வேண்டியிருக்கும், அப்போது எண்ணத் தெரிந்திருக்க வேண்டும்.

சங்கத்தின் வணிகக் குடும்பங்கள் யாவும் நேரிய கணக்கோடும் நிறைந்த மனத்தோடும் வாழ்க.